கோழிக்கூண்டும் ரக்கூனின் கைகளும்: முழுமையான வழிகாட்டி

கடையில் சுருளாக விற்கிறார்களே, அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை, அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்த பொருள். ரக்கூன், அதாவது கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் உள்ள, இரவில் இரைதேடும் வட அமெரிக்க விலங்கு, உள்ளே வராமல் இருக்கச் செய்ததல்ல. வட அமெரிக்காவில் புதிதாகக் கோழி வளர்க்க இறங்குகிறவர்கள் பலர் இந்த வேறுபாட்டை முதல் இழப்புக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஊரில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தால் இரவு கழிந்துவிடும். அங்கே பயம் மரநாய்க்கும் கீரிக்கும். அவற்றிடம் பல்லும் நகமும்தான் உண்டு. ரக்கூனிடம் அவற்றோடு இரண்டு கைகளும் உண்டு. கல்லைத் தள்ளும், கொக்கியைக் கழற்றும், தொங்குகதவைத் தூக்கும். எனவே கனடாவிலோ அமெரிக்காவிலோ தோட்டத்தில் நான்கு கோழி வைக்க நினைக்கும் தமிழ்க் குடும்பம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. முதலில் உங்கள் நகராட்சி கோழி வளர்க்க அனுமதிக்கிறதா என்று பாருங்கள். டொராண்டோவில் சில வார்டுகளில் மட்டும் 2018இல் தொடங்கிய சோதனைத் திட்டம் 2023இல் முடித்துவைக்கப்பட்டது. நகரத்தைத் தாண்டியுள்ள ஊர்களில் விதி ஊருக்கு ஊர் மாறும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது: ரக்கூனைத் துரத்துவதில் செலவழிக்கும் பணமும் நேரமும் வீண், அதன் கைக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு தடையை வைப்பதில் செலவழிப்பதே பயன். கோழிக்கு மட்டுமல்ல, குளத்தங்கரை ஆமைக்கும் மரப்பொந்தில் முட்டையிடும் வாத்துக்கும் இதுவே பொருந்தும். அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வளர்ந்த ரக்கூன் பொதுவாக 4 முதல் 9 கிலோ எடை இருக்கும். வடக்கே குளிர்காலத்துக்கு முன் கொழுப்பேறிய ஆண் அதைவிடக் கனக்கும். முன்கால்களில் ஐந்து நீண்ட விரல்கள். நம்மைப்போல் மற்ற விரல்களுக்கு எதிரே மடங்கும் கட்டைவிரல் கிடையாது. ஆனால் உள்ளங்கையின் உணர்வு அபாரமானது. மூளையில் தொடுஉணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கை இந்த முன்கால்களே எடுத்துக்கொள்கின்றன. ஓடைத் தண்ணீரில் கையை விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே, கல்லுக்கடியில் இருக்கும் நன்னீர் இறாலைத் தடவி எடுக்கும் விலங்கு இது. இருட்டில் ஒரு தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பது அதற்கு ஒரு வேலையே அல்ல.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிஸ் என்ற ஆய்வாளர் ரக்கூன்களுக்குப் பதின்மூன்று விதமான பூட்டமைப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். பதினொன்றை அவை திறந்தன, அதுவும் பத்து முயற்சிக்குள். பூட்டைத் தலைகீழாக மாற்றி வைத்தபோதும் தடுமாறவில்லை. நூறாண்டு கழித்து டொராண்டோ மாநகராட்சி இதே பாடத்தைப் பெருஞ்செலவில் படித்தது. 3.1 கோடி டாலர் ஒப்பந்தத்தில், சுழற்றித் திறக்கும் பூட்டு வைத்த பச்சைக் குப்பைத் தொட்டிகளை 2016இல் வீடுவீடாக விநியோகித்தார்கள். பெரும்பாலான தொட்டிகள் தாக்குப்பிடித்தன. ஆனால் சில ரக்கூன்கள் தொட்டியைக் கீழே தள்ளி, கைப்பிடியைத் திருப்பித் திறந்துவிட்டதாக 2018இல் செய்தி வந்தது. இதில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. நல்ல பூட்டு பெரும்பாலான ரக்கூன்களை நிறுத்தும். எந்தப் பூட்டும் எல்லா ரக்கூன்களையும் நிறுத்தாது. அதனால்தான் ஒரே தடையை நம்பாமல் அடுக்கடுக்காக வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, ரக்கூன் நரியைப்போல் வேட்டையாடிப் பிழைக்கும் விலங்கல்ல. ஓக் மரக்கொட்டை, சோளம், பழம், மண்புழு, தவளை, குப்பை, கிடைத்தால் முட்டை, இன்னும் எளிதாகக் கிடைத்தால் தூங்கும் கோழி. எது குறைந்த உழைப்பில் கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. நம் வேலை கோழியை உழைப்பு மிகுந்த சாப்பாடாக மாற்றுவது.

படி 1: கொன்றது ரக்கூன்தானா?

காலையில் செத்த கோழியைப் பார்த்தவுடன் ரக்கூன்மேல் பழிபோடுவது இங்கே வழக்கம். பல சமயம் பழி சரி. எப்போதும் அல்ல. தடயத்தைக் கலைப்பதற்கு முன் செல்பேசியில் படம் எடுத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

ரக்கூனின் கைவரிசை இப்படி இருக்கும்: தலை கடித்துத் துண்டிக்கப்பட்டு உடலிலிருந்து சற்றுத் தள்ளிக் கிடக்கும். கழுத்தடியிலுள்ள தீனிப்பையும் மார்பும் கிழிந்திருக்கும், குடல் சில சமயம் தின்னப்பட்டிருக்கும். அருகில் தண்ணீர்த் தொட்டியோ குட்டையோ இருந்தால் அதன் ஓரத்தில் இறைச்சித் துணுக்குகள் காணப்படலாம். ஒரே இரவில் பல கோழிகள் செத்திருக்கலாம்.

இதைவிடக் கொடுமையான ஒரு காட்சியும் உண்டு. கூண்டு பூட்டியபடியே இருக்கும், வலை எங்கும் கிழிந்திருக்காது, உள்ளே தலையில்லாத கோழி. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. நடந்தது இதுதான்: கோழிக்கு இரவில் கண் தெரியாது, வலையோரம் சாய்ந்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ரக்கூன் வலைக் கண்ணுக்குள் விரல்களை விட்டுத் தடவும். இறகு படும். கழுத்து படும். பிடித்துத் தன் பக்கம் இழுக்கும். உடல் வலைக்குள் நுழையாது, தலை நுழையும். காலோ இறக்கையோ அகப்பட்டால் அதற்கும் அதே கதி. பெரிய கண் வலை வைத்த கூண்டில் இது நடக்க ஒரு சில நிமிடம் போதும்.

மற்றவர்களின் அடையாளங்களையும் தெரிந்துவைத்திருந்தால் தவறான பக்கம் பணம் செலவழிக்கமாட்டீர்கள்.

- கோழியே காணவில்லை, கொஞ்சம் இறகு மட்டும் கிடக்கிறது: நரி அல்லது கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய காட்டுநாய்).
- பல கோழிகள் செத்துக்கிடக்கின்றன, கழுத்தின் பின்பக்கம் சின்னச்சின்னக் கடிகள், சதை அதிகம் தின்னப்படவில்லை: வீசல் அல்லது மிங்க் (கீரிபோல் ஒல்லியான சிறு ஊனுண்ணிகள்). ஓர் அங்குல ஓட்டை இவற்றுக்குப் போதும்.
- தலையும் கழுத்தும் மட்டும் போயிருக்கின்றன, கூண்டுக்கு மேல் வலை இல்லை: பெரிய கொம்பு ஆந்தையாக இருக்கலாம். ரக்கூனோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான்.
- பட்டப்பகலில் ஒரு கோழி, சுற்றிலும் வட்டமாகப் பிடுங்கிய இறகு: பருந்து இனம்.
- பின்பக்கத்திலிருந்து தின்னப்பட்டிருக்கிறது, முட்டை நசுங்கிக் கிடக்கிறது: ஒப்போசம் (பூனையளவுள்ள, குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கு).
- கோழிகள் அங்குமிங்கும் சிதறிச் செத்திருக்கின்றன, எதையும் தின்னவில்லை: பக்கத்து வீட்டு நாய். இதைச் சொன்னால் பக்கத்து வீட்டாருக்குக் கோபம் வரும், எனவே படம் முக்கியம்.

ஈரமண்ணில் கால்தடம் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். ரக்கூனின் தடம் சின்னக் குழந்தையின் கைப்பதிவு போலவே இருக்கும். பின்கால் தடம் சுமார் 4 அங்குல நீளம். நடக்கும்போது ஒரு பக்கத்துப் பின்கால் மறுபக்கத்து முன்கால் அருகே விழுவதால் தடங்கள் ஜோடிஜோடியாகத் தெரியும். தடம் பிடிக்க, கதவருகே மெல்லிய மணலோ மாவோ தூவிவைத்தால் மறுநாள் காலை விடை கிடைக்கும். இரவில் படமெடுக்கும் காமிரா ஒன்றைக் கட்டிவைத்தால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் கை வைத்துப் பார்க்கிறது என்பதும் அதில் தெரியும், அந்தத் தகவல்தான் உண்மையில் விலைமதிப்புள்ளது.

படி 2: அன்றைக்கே செய்யவேண்டியது

ருசி கண்ட ரக்கூன் திரும்ப வரும். மறுநாளே வரலாம், ஐந்தாறு நாள் கழித்தும் வரலாம். "இரண்டு நாளாக வரவில்லை, போய்விட்டது" என்று நம்புவது இங்கே பெரிய ஆபத்து.

செத்த கோழிகளைக் கையுறை அணிந்து அப்புறப்படுத்துங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் ஆழமில்லாமல் புதைத்தால் அதுவே அழைப்பாகிவிடும். மிச்சமுள்ள கோழிகளை அன்று மாலையே வீட்டுக் கேரேஜுக்கோ நான்கு பக்கமும் பலகை அடைத்த கொட்டகைக்கோ மாற்றுங்கள். நாயை வைத்துக் கொண்டுபோகும் கூண்டுப்பெட்டி இருந்தால் சில இரவுகளுக்கு அதுவும் போதும், வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காயப்பட்ட கோழியைத் தனியே வையுங்கள், ரத்தம் கண்டால் மற்றக் கோழிகளே கொத்தும். அதன் காயத்தையும் வெறுங்கையால் தொடவேண்டாம். விலங்கின் எச்சில் அதில் இருக்கிறது.

படி 3: வலையை மாற்றுங்கள்

இங்கே கடைகளில் ஹார்ட்வேர் கிளாத் என்று கேட்டால் கிடைக்கும், கண்கள் சதுரமாக இருக்கும், சந்திப்புகளில் பற்றவைத்த கம்பி வலை. கண் அரை அங்குலம், கம்பித் தடிமன் 19 கேஜ். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஓர் அங்குலக் கண் வலை விலை குறைவு என்று கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரக்கூனின் விரல் அதில் தாராளமாக நுழையும், வீசல் முழுதாகவே நுழையும்.

வலையைவிட அதை எப்படி அடிக்கிறோம் என்பது முக்கியம். துப்பாக்கி போன்ற கருவியால் அடிக்கும் மெல்லிய ஸ்டேபிள் ஆணிகளை ரக்கூன் ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வரும். திருகாணி போட்டு, அதற்குக் கீழே அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள். நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்று. வலையின் விளிம்பு வெளியே தெரியாமல் மேலே ஒரு மரச்சட்டம் வைத்து அடித்துவிட்டால் விரலுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. வேலை மெனக்கெட்டது, ஆனால் ஒருமுறைதான்.

கூண்டின் எந்தப் பக்கத்திலும் கோழி வலையை ஒட்டி உட்காரமுடியாதபடி கொம்பை, அதாவது கோழி ஏறித் தூங்கும் குறுக்குக்கட்டையை, உள்ளே தள்ளி வையுங்கள். வலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் செய்யவேண்டும். தூங்கும் பகுதியின் கீழ்ப்பாதியைப் பலகையால் அடைத்துவிட்டால் இன்னும் உத்தமம். காற்றுப் போக மேலே மட்டும் வலை போதும்.

படி 4: தாழ்ப்பாள்

வளையத்தில் மாட்டும் சாதாரணக் கொக்கி, நெம்பினால் தூக்கும் தாழ்ப்பாள், திருப்பினால் திறக்கும் மரக்குமிழ், மூன்றும் ரக்கூனுக்குப் பொம்மைகள். இரண்டு வேறு அசைவுகள் ஒன்றாகத் தேவைப்படும் எதுவும் நல்லது. மலையேறுபவர்கள் பயன்படுத்துவதுபோன்ற சுருள்வில் வைத்த கொக்கிவளையத்தை நாதாங்கியில் மாட்டுவது மலிவான, நம்பகமான வழி. திருகி மூடும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. சிறு எண்பூட்டு போட்டாலும் தவறில்லை. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளை உதவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளை ரக்கூனும் திறக்கும் என்று இங்குள்ள பழைய பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மறந்துவிடும் கதவு முட்டைப்பெட்டியின் மூடிதான். பெரிய கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு, பக்கவாட்டில் முட்டை எடுக்கும் மூடியை வெறுமனே சாத்திவைத்திருப்பார்கள். அதற்கும் இரண்டு பக்கத்திலும் தாழ்ப்பாள் வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலையைத் தூக்கி வளைத்துக் கையை விடும்.

கோழி நுழையும் சிறுகதவு மேலும் கீழும் நகரும் வகையாக இருந்தால், கீழ்முனை ஒரு பள்ளத்துக்குள் இறங்கி உட்காரவேண்டும், பக்கங்கள் சட்டத்துக்குள் ஓடவேண்டும். விரலுக்கு இடுக்கு கிடைத்தால் தூக்கிவிடும். அந்தி சாய்ந்தால் தானே மூடும் தானியங்கிக் கதவுகள் நல்லவை. மூடியபின் கதவு கையால் தூக்கமுடியாமல் பூட்டிக்கொள்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். அது மூடுவதற்கு முன் எல்லாக் கோழியும் உள்ளே போய்விட்டதா என்று எண்ண ஓர் ஆள் வேண்டும், அதை எந்தக் கருவியும் செய்யாது.

படி 5: அடியும் மேலும்

ரக்கூன் நரியளவு தோண்டாது, ஆனால் வேலியோரத்தில் மண் இளகியிருந்தால் தோண்டிப் பார்க்கும். வலையை நேராக மண்ணுக்குள் புதைப்பதைவிட, கூண்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 18 முதல் 24 அங்குலம் தரையில் விரித்து, மேலே புல்லோ சரளையோ போட்டுவிடுவது எளிது. தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், அங்கே வலை தடுக்கும். நான்கடி பின்னால் போய்ச் சுரங்கம் வெட்டும் அறிவு இதுவரை அதற்கு வரவில்லை.

மேல்பக்கம்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஆறடி வேலி ரக்கூனுக்கு ஏணி. மரத்திலிருந்து தலைகீழாக இறங்கக்கூடியது, பின்பாதங்களைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். எனவே கோழி உலாவும் வெளிக்கூண்டுக்கும் கூரை வேண்டும். பருந்துக்காகக் கட்டும் நைலான் வலை இரவில் பயன்படாது, கடித்து அறுத்துவிடும். கூரைக்கு மேல் நீளும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். காற்றுப் போக்கிகளையும் சும்மா விடாதீர்கள். நான்கு அங்குல இடைவெளி இருந்தால் வளர்ந்த ரக்கூனே நுழையப் பார்க்கும், குட்டிக்கு அதற்கும் குறைவு போதும்.

படி 6: மின்வேலி

இவ்வளவும் செய்தபின்பும் தொல்லை தொடர்ந்தால், அல்லது கோழிகள் அதிகமாக இருந்தால், மின்வேலியைப்போல் வேறெதுவும் வேலை செய்யாது. ஏற்கெனவே வேலி இருந்தால் அதன் அடியிலிருந்து 8 அங்குலம் வெளியே, தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில் ஒற்றைக் கம்பி போதும். வேலியில்லாத சோளக்கொல்லைக்கு 6 அங்குலத்திலும் 12 அங்குலத்திலும் இரண்டு கம்பிகள். அந்தியிலிருந்து விடியும்வரை ஓடவிட்டால் போதும்.

ரக்கூன் முதலில் மூக்கையோ கையையோதான் நீட்டும். ஈரமான மூக்கிலும் மயிரில்லாத உள்ளங்கையிலும் அதிர்ச்சி நன்றாக ஏறும். மற்ற நேரத்தில் அதன் அடர்ந்த மயிரே அதைக் காக்கும். ஆகவே கம்பி அதன் முகத்தின் உயரத்தில் இருப்பது முக்கியம். கருவி வாங்கும்போது மின்னழுத்தம் பார்க்கும் சிறு அளவியையும் வாங்கிவிடுங்கள். எர்த் கம்பி ஆழமாக இறங்கியிருக்கிறதா, புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். மின்வேலி தோற்கும் இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். காய்ந்த பனி மண்ணை மூடியிருக்கும்போதும் அதிர்ச்சி குறையும். அந்த மாதங்களில் அதை மட்டும் நம்பவேண்டாம்.

படி 7: அழைப்பை நிறுத்துங்கள்

இது சுருக்கமாகச் சொல்லக்கூடியது, ஆனால் தினமும் செய்யவேண்டியது. மாலையில் தீனிப்பாத்திரத்தை உள்ளே எடுங்கள். தீனி மூட்டையை மூடி இறுகும் தகரப் பீப்பாயில் வையுங்கள், பிளாஸ்டிக் பெட்டியைக் கடித்து ஓட்டை போடும். முட்டையை அன்றன்றைக்கே எடுங்கள். பூனைக்குப் பின்வாசலில் இரவு முழுக்க உணவு வைக்கும் வழக்கத்தை விடுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது ரக்கூனுக்குப் பாசத்தோடு ரொட்டி போடுகிறார்கள் என்றால், நீங்கள் கட்டிய கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் தெருவில் ரக்கூன் குறையாது. பேசிப்பாருங்கள்.

வானொலியை ஓடவிடுவது, மினுக்கும் விளக்கு, அமோனியா நனைத்த துணி, இவையெல்லாம் சில இரவுகளுக்குத்தான். பிறகு அதற்கு அவை தோட்டத்து அலங்காரம் ஆகிவிடும். இரவில் கோழிகளுடனேயே இருக்கும்படி பழக்கிய காவல்நாய் வேறு விஷயம், அது உண்மையாகவே வேலை செய்யும். வீட்டுக்குள் மெத்தையில் தூங்கும் நாய் கணக்கில் வராது.

ஆண்டின் எந்த மாதம் எச்சரிக்கை கூட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே கடுங்குளிரில் ரக்கூன் வாரக்கணக்கில் பொந்துக்குள் சுருண்டுகிடக்கும். அது முழு உறக்கமல்ல, இளஞ்சூடான ஓர் இரவில் எழுந்துவரும். பனிக்காலத்தின் பிற்பாதியில் இணைசேரும், ஏறக்குறைய ஒன்பது வாரச் சினைக்குப் பிறகு, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் மூன்று நான்கு குட்டிகள் பிறக்கும். பாலூட்டும் தாய்க்குப் பசி அதிகம். கோடையின் நடுவில் குட்டிகள் தாயோடு வெளியே வரத் தொடங்கும். இலையுதிர்காலத்தில் எல்லாமே கொழுப்புச் சேர்க்க அலையும். அதாவது மார்ச்சில் கூண்டைப் பழுதுபார்த்துவிட்டால் அந்த ஆண்டை நிம்மதியாக ஓட்டலாம்.

படி 8: பொறி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கடைசி வழியாக. என் கருத்தில் பல நேரம் தேவையே இல்லாத வழி.

முதல் காரணம் சட்டம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் ரக்கூனைப் பொறிவைத்துப் பிடிக்க நிலச் சொந்தக்காரருக்கு இடமுண்டு. ஆனால் உயிரோடு பிடித்ததை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட்டுவிடவேண்டும். காரில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பூங்காவில் விட்டுவரும் "கருணை" சட்டவிரோதம். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் வேறிடத்தில் விடுவதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. காரணம் வெறிநோய். உங்கள் மாநிலத்து வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது காரணம் குட்டிகள். மே, ஜூன் மாதங்களில் பிடிபடுவது தாயாக இருந்தால் எங்கேயோ ஒரு பொந்தில், ஒருவேளை உங்கள் வீட்டுப் பரணிலேயே, குட்டிகள் பட்டினி கிடந்து சாகும்.

மூன்றாவது, எளிய கணக்கு. நல்ல இரை உள்ள இடம் காலியாக இருக்காது. ஒன்றை அகற்றினால் இன்னொன்று வரும். கூண்டு பலவீனமாகவே இருந்தால் ஆள் மட்டும் மாறும்.

அப்படியும் வைப்பதென்றால் பெரிய கூண்டுப்பொறியாக, சுமார் 32 அங்குல நீளமுள்ளதாக வையுங்கள். இரைக்கு மீனும் பூனைத்தீனியும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பூனைதான் மாட்டும். மார்ஷ்மெல்லோ மிட்டாய் போதும், ரக்கூனுக்கு இனிப்பு பிடிக்கும், பூனைக்கு அதில் ஆர்வமில்லை. விடிந்ததும் போய்ப் பாருங்கள். பொறிக்கு எட்டும் தூரத்தில் துணியோ தார்ப்பாயோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துக் கிழித்துப்போடும்.

படி 9: நோயை விளையாட்டாக எடுக்கவேண்டாம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெறிநோயைச் சுமக்கும் முக்கியமான காட்டு விலங்குகளில் ரக்கூன் ஒன்று. ஒன்டாரியோவில் பத்தாண்டுக் காலம் ஓய்ந்திருந்த ரக்கூன் வெறிநோய் 2015 டிசம்பரில் ஹாமில்டன் பகுதியில் திரும்பத் தலைகாட்டியது. அதன்பின் தடுப்பு மருந்து வைத்த இரைத்துண்டுகளை மாகாண அரசு காடுகளிலும் நகர ஓரங்களிலும் போட்டுவருகிறது. பகலில் ஒரு ரக்கூனைப் பார்த்தாலே வெறிநோய் என்று அலறவேண்டாம், குட்டிபோட்ட தாய் பகலிலும் இரைதேடும். தள்ளாடி நடந்தால், மனிதரைக் கண்டும் விலகாமல் இருந்தால், காரணமில்லாமல் பாய்ந்தால் உள்ளூர் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவை அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப்போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி தேதி தவறக்கூடாது.

அதிகம் பேசப்படாதது ரக்கூனின் குடலில் வாழும் உருண்டைப்புழு. ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத்திரும்பக் கழிக்கும்: விறகுக்குவியலின் மேல், கொட்டகைக் கூரையில், வைக்கோல் பரணில். அந்தக் கழிவில் உள்ள புழுமுட்டை இரண்டு முதல் நான்கு வாரத்தில் நோய்பரப்பும் நிலைக்கு வரும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது மூளையைத் தாக்கலாம். அரிது, ஆனால் கொடியது. பிளீச்சிங் திரவம் இந்த முட்டையைக் கொல்லாது. கழிவைப் புதிதாக இருக்கும்போதே கையுறையும் முகக்கவசமும் அணிந்து அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள்.

கூண்டுக்கு வெளியே: ஆமையும் வாத்தும்

கோழியை இழந்தவருக்கு இன்னொரு கோழி வாங்கக் கிடைக்கும். ரக்கூனால் மெய்யாகவே தவிக்கும் உயிர்கள் வேறு. குப்பையும் சோளமும் தின்று மனிதர் நிழலில் பெருகிய ரக்கூன்கள், பெரிய ஊனுண்ணிகள் இல்லாத இடங்களில் தரையில் முட்டையிடும் எல்லாவற்றையும் வழித்து எடுக்கின்றன. கனடாவின் மேற்குக்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுகளில் தோல் வியாபாரத்துக்காக 1940களில் கொண்டுவிட்ட ரக்கூன்கள், வளையில் முட்டையிடும் கடற்பறவைக் கூட்டங்களை அழித்தன. ஜெர்மனியில் 1934இல் எடர்சே ஏரிக்கரையில் இரண்டு ஜோடிகளை அவிழ்த்துவிட்டதில் தொடங்கிய கதை இன்று ஐரோப்பியக் குளத்து ஆமைக்கும் தேரைகளுக்கும் தொல்லையாக வளர்ந்து நிற்கிறது.

கொன்றுவிட்டால் தீர்ந்துவிடுமா? புளோரிடாக் கடற்கரையில் கடலாமை முட்டைக்காக ரக்கூன்களை அகற்றிப் பார்த்தார்கள். ரக்கூன் தின்றுவந்த மணல்நண்டுகள் பெருகின, அந்த நண்டுகளும் ஆமை முட்டை தின்பவைதான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வளைகுடாத் தீவுகளில் வேறுவிதமாகச் செய்து பார்த்தார்கள். கரையோரத்தில் நாய் குரைக்கும் ஒலியை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். ரக்கூன்கள் கரையில் இரைதேடும் நேரம் 66 சதவீதம் குறைந்தது, நண்டும் மீனும் கூடின. 2016இல் வெளியான முடிவு இது. பயம்கூட ஒரு வேலிதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் இரவெல்லாம் நாய்க்குரல் போட்டால் அக்கம்பக்கத்தார் உங்களைத்தான் விரட்டுவார்கள், எனவே கம்பி வலைக்கே திரும்புவோம்.

உங்கள் நிலத்தில் குளம் இருந்தால் அல்லது சரளைப் பாதை இருந்தால், மே கடைசியிலிருந்து ஜூன்வரை ஆமைகள் முட்டையிட வரலாம். ஸ்னாப்பிங் டர்ட்டில் எனப்படும் கடிக்கும் பெரிய ஆமை இனப்பெருக்க வயதை எட்டவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதன் கூட்டை ஒரே இரவில் ரக்கூன் தோண்டித் தின்றுவிடும். முட்டையிட்ட முதல் சில இரவுகளில்தான் மண்வாசனை காட்டிக்கொடுக்கும், ஆகவே அன்றைக்கே செயல்படவேண்டும்.

ஆமை முட்டையிட்டு மண்ணை மூடிப் போகும்வரை தொலைவில் இருங்கள். பிறகு இரண்டடிச் சதுர மரச்சட்டம் ஒன்றைக் கூட்டின் மேல் வைத்து, மேற்பக்கம் கம்பி வலை அடியுங்கள். பலகையால் மூடாதீர்கள், வெயில் படவேண்டும். பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பமே முடிவுசெய்கிறது. சட்டத்தின் நான்கு பக்கத்திலும் தரையை ஒட்டிக் குஞ்சு வெளியேற வழி வெட்டவேண்டும், இல்லையென்றால் காப்பாற்றிய குஞ்சுகள் உள்ளேயே காய்ந்து சாகும். சட்டத்தின் மேல் கல் வையுங்கள் அல்லது மூலைகளில் கம்பி முளை அடியுங்கள். முட்டையைத் தோண்டி எடுக்கவோ இடம்மாற்றவோ கூடாது. அது ஒன்டாரியோ போன்ற இடங்களில் சட்டப்படியும் குற்றம், முட்டைக்கும் கேடு.

மரப்பொந்தில் முட்டையிடும் மரவாத்துக்குக் கூடுகட்டப் பெட்டி வைப்பவர்கள் அதை மரத்தில் அடிக்காமல் தனி இரும்புக் கம்பத்தில் பொருத்தி, பெட்டிக்குக் கீழே மூன்றடி அகலமுள்ள தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டவேண்டும். ஏறிவரும் ரக்கூன் கூம்பின் அடியில் முட்டிக்கொண்டு இறங்கிவிடும். நுழைவாயில் 4 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள நீள்வட்டமாக இருந்தால் வாத்து நுழையும், பெரிய ரக்கூன் திணறும். கம்பத்துக்குப் பக்கத்தில் பாய்ந்து தாவ வசதியாக மரக்கிளை இருந்தால் இத்தனையும் வீண். கூம்பில்லாத பெட்டியை வைப்பதைவிட வைக்காமலே இருப்பது வாத்துக்கு நல்லது, ஏனென்றால் முட்டை எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை கற்ற ரக்கூன் அதே வடிவப் பெட்டிகளைத் தேடித்தேடிப் போகும்.

ஆமைக்கூட்டுச் சட்டத்தை எப்போது எடுப்பது என்று பலர் கேட்பார்கள். கடிக்கும் ஆமையின் குஞ்சுகள் ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து அக்டோபருக்குள் வெளியே வந்துவிடும், பிறகு எடுத்துவிடலாம். வண்ண ஆமையின் குஞ்சுகள் முட்டை பொரிந்தபின்பும் குளிர்காலம் முழுவதையும் மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு வசந்தத்தில் வருவதுண்டு. எந்த ஆமை முட்டையிட்டது என்று படம் எடுத்துவைத்திருந்தால் குழப்பமில்லை. தெரியவில்லையென்றால் சட்டத்தை மே மாதம்வரை அங்கேயே விட்டுவையுங்கள், பனி தள்ளும் வண்டிக்குத் தெரியும்படி பக்கத்தில் ஓர் உயரமான கழியை மட்டும் நட்டுவிடுங்கள்.